ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து கப்பலடிக்கு: பஸ்ஸா, வேனா, வாடகைக் காரா?

உல்லாசக் கப்பலில் அறை பதிவு செய்ய எங்கள் வீட்டில் அரை மணி நேரம்தான் ஆனது. விமானத்தை விட்டு இறங்கி அந்தக் கப்பல் வரைக்கும் எதில் போவது என்று முடிவு பண்ணத்தான் மூன்று வாரம் இழுத்தது. நாங்கள் ஆறு பேர்: நான், மனைவி, ஐந்து வயது மகள், இரண்டு வயது மகன், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, அம்மா. அதே கப்பலில் மச்சான் குடும்பமும் வந்தது. அவர்கள் நான்கு பேர், பையன்கள் இரண்டு பேரும் பத்து வயதைத் தாண்டியவர்கள். நாங்கள் வேன் பிடித்தோம், அவர்கள் கப்பல் நிறுவனத்தின் பஸ்ஸில் வந்தார்கள். ஒரே நாள், ஒரே சாலை, இரண்டு அனுபவம். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே பாதையில் வாடகைக் காரில் போன கதையும் கையில் இருக்கிறது.

முதலில் தூரம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இருந்தாலும் ஆர்லாண்டோவில் கடல் கிடையாது. ‘ஆர்லாண்டோ கப்பல்’ என்று விற்கப்படுவதெல்லாம் கிழக்குக் கரையில் உள்ள போர்ட் கனாவரலில் இருந்துதான் கிளம்புகின்றன. விமான நிலையத்திலிருந்து சுமார் 45 மைல், நம் கணக்கில் 72 கிலோமீட்டர். ‘பீச்லைன்’ என்று சொல்லும் 528ஆம் எண் டோல் சாலை கிட்டத்தட்ட நேராகக் கொண்டுபோய் விடும். சாலை சும்மா இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். (பெட்டியில் ஒட்டிய சீட்டில் இந்த விமான நிலையத்தின் குறியீடான எம்சிஓ என்று இருந்ததைப் பார்த்து அப்பா, ‘ஏம்ப்பா, பெட்டி வேற ஊருக்குப் போகுதா?’ என்று பதறினார். அந்த இடம் முன்பு மெக்காய் விமானப்படைத் தளமாக இருந்தது, அந்தப் பெயர்தான் எழுத்தில் ஒட்டிக்கொண்டது.)

ரயிலை நம்பி யாரும் வந்துவிட வேண்டாம். 2023 செப்டம்பரிலிருந்து விமான நிலையத்தின் சி டெர்மினல் பக்கம் பிரைட்லைன் ரயில் ஓடுகிறது. 528 சாலையை ஒட்டியே கிழக்கே வந்து, கோகோ ஊர்ப் பக்கம் தெற்கே திரும்பி மயாமிக்குப் போய்விடுகிறது. துறைமுகத்துக்கு இத்தனை பக்கத்தில் வந்தும் அங்கே நிற்பதில்லை.

ஆப் வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. இந்தப் பாதையில் நான் ஊபரோ லிஃப்டோ போட்டதில்லை. இரண்டு பேர், இரண்டு பெட்டி என்றால் போகும்போது அது போதும் என்றே நினைக்கிறேன். ஆறு பேருக்குப் பெரிய வண்டி வேண்டும், பெட்டிக்கும் இடம் வேண்டும். திரும்பும் காலையில் இரண்டு மூன்று கப்பல் ஒன்றாகக் கரையில் நிற்கும், ஒவ்வொன்றிலிருந்தும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் இறங்கி ஒரே நேரத்தில் போனைத் திறப்பார்கள். அந்த நேரத்தில் கட்டணம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வாடகைக் கார் மோசமில்லை. போன முறை நாங்கள் மூன்று பேர், மகளுக்கு அப்போது இரண்டு வயது. விமான நிலையத்தில் எடுத்துத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிளையில் விட்டுவிடலாம், அங்கிருந்து கம்பெனி வண்டி கப்பலடியில் இறக்கும். டோலுக்கு, கார் கம்பெனி தன் பங்குக்கு ஒரு தினக் கட்டணம் சேர்க்கும். அதைத் தவிர்க்க விமான நிலையத்திலேயே ‘விசிட்டர் டோல் பாஸ்’ என்று ஒரு அட்டை இலவசமாகத் தருகிறார்கள். கண்ணாடியில் மாட்டிக்கொண்டு, திரும்பி வரும்போது அங்கேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும். காரை துறைமுகப் பக்கமே விடுகிறவர்களுக்கு இது ஒத்துவராது என்பதைக் கவனிக்கவும். கப்பல் முடிந்ததும் கென்னடி விண்வெளி மையம், தீம் பார்க் என்று இரண்டு நாள் சுற்றப் போகிறவர்கள் யோசிக்காமல் காரே எடுக்கலாம். வெறுமனே போய் வருகிறவர்களுக்கு அலைச்சல்தான்: குடும்பத்தையும் பெட்டியையும் கப்பலடியில் இறக்கிவிட்டு, ஒருவர் மட்டும் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஷட்டிலில் வர வேண்டும். அன்று அந்த ஒருவர் நான். வெயிலில் ஷட்டிலுக்குக் காத்து நின்ற நேரத்தில் மனைவி இடுப்பில் குழந்தையும் காலடியில் நான்கு பெட்டியுமாக நின்றாள்.

ஆனால் அந்தப் பயணத்தில் என்னை நிஜமாகவே ஓய வைத்தது கார் சீட். இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஃபுளோரிடா சட்டப்படி ஐந்து வயது வரையுள்ள எல்லாக் குழந்தைக்கும் தனி இருக்கை வேண்டும். மூன்று வயது வரை பெல்ட் வைத்த முழு கார் சீட், நான்கு ஐந்து வயதுக்கு பூஸ்டர் (வண்டியின் பெல்ட் சரியாகப் படியும்படி பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை) போதும். வாடகைக்கு ஓட்டும் டாக்ஸியோ வேனோ என்றால் டிரைவருக்கு அந்தப் பொறுப்பு இல்லை, கூட வரும் பெற்றோருக்குத்தான். ‘டாக்ஸிக்கு கார் சீட் தேவையில்லை’ என்று நண்பர்கள் சொல்வதெல்லாம் இதில் பாதியைக் கேட்டுவிட்டுச் சொல்வது. ஊரிலிருந்து சீட் கொண்டுவரலாம் என்ற யோசனையும் எங்கள் வீட்டில் எழுந்தது. எஃப்எம்விஎஸ்எஸ் 213 என்ற அமெரிக்கத் தர விதிக்கு உட்பட்டது என்ற ஒட்டுச்சீட்டு இல்லாத சீட் இங்கே செல்லாது.

சரி, நம்முடைய சீட்டையே தூக்கிக்கொண்டு போகலாமே? விமானத்தில் பெரும்பாலும் காசு வாங்காமல் ஏற்றிக்கொள்வார்கள். சிக்கல் அதற்கப்புறம்தான். காரை விட்டதும் சீட்டை எங்கே விடுவது? அதுவும் நம்மோடு கப்பல் ஏறும். கட்டிலுக்கு அடியில் பெட்டி போகும், கார் சீட் போகாது. அலமாரிக்குள் வைத்தால் கதவு மூடாது. கடைசியில் அதைக் குளியல் தொட்டியில் உட்கார வைத்தோம். யாராவது குளிக்க வேண்டுமென்றால் சீட்டைத் தூக்கிக் கட்டில்மேல் வைக்க வேண்டும், தூங்க வேண்டுமென்றால் திரும்பத் தொட்டிக்குள். நான்கு நாளும் இதே வேலை. மூன்றாம் நாள் அறையைச் சுத்தம் செய்ய வந்தவர் அதற்கு ஒரு துண்டைப் போர்த்தி, என் கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

இந்த முறை ஒரு சீட் இல்லை, இரண்டு. அதனால்தான் வேன்.

முன்பதிவு செய்கிற தனி வேனில் சீட் அவர்களோடு வரும், அவர்களோடே போகும். பதிவு செய்யும்போதே குழந்தையின் வயது, எடை, உயரம், சீட் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டுமா பின்பக்கமா என்று எல்லாவற்றையும் கேட்டார்கள். கேட்காத கம்பெனி என்றால் நான் அடுத்ததைப் பார்ப்பேன். ஏ, பி டெர்மினல்களில் பெட்டி வருவது இரண்டாம் தளத்தில், வேன் நிற்பதோ அதற்குக் கீழே முதல் தளத்தில். அம்மாவுக்கு மூட்டு வலி, லிஃப்ட் தேடிப் பிடித்து இறங்கினோம். டிரைவர் இரண்டு சீட்டையும் மாட்டி வைத்திருந்தார். நான் பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தேன்: அந்த இடத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. மகனை உட்கார வைத்து, மார்பு கிளிப்பை அக்குள் மட்டத்துக்கு ஏற்றினேன். டிரைவர் கோபித்துக்கொள்ளவில்லை, ‘நிறையப் பேர் பார்க்கவே மாட்டார்கள்’ என்றார். பத்து நிமிஷத்தில் கிளம்பினோம். இந்தியன் நதிப் பாலத்தில் ஏறும்போது இரண்டும் தூங்கிவிட்டன. வடக்கே விண்வெளி மையத்தில் ராக்கெட் பாகங்களைச் சேர்த்துப் பூட்டும் அந்தப் பிரம்மாண்டமான கட்டடம் தெரிந்தது, கொஞ்ச நேரத்தில் எதிரே கப்பல்களின் புகைக்கூண்டுகள். பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை, தாத்தா பார்த்தார்.

இப்போது பஸ். மச்சான் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு யோசிக்க எதுவும் இல்லை. கப்பல் பதிவோடு சேர்த்தே பஸ்ஸும் பதிவு, விமான நிலையத்தில் ஆள் நின்று வழிகாட்டுகிறார்கள், ஏற்றும்போது கொடுத்த பெட்டியை அப்புறம் அறை வாசலில்தான் பார்க்கிறார்கள். (வேனில் போனாலும் கப்பலடியில் போர்ட்டர் பெட்டியை வாங்கிக்கொள்கிறார், அதனால் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. எப்படிப் போனாலும் மருந்தும் நீச்சல் உடையும் கைப்பையில் இருக்கட்டும்.) ஆனால் பஸ் நம் நேரத்துக்குக் கிளம்பாது. அவர்கள் விமானம் எங்களுடையதற்கு முன்பே இறங்கியும், எங்களுக்கு முக்கால் மணி நேரம் பின்னால்தான் கப்பலடிக்கு வந்தார்கள். பையன்கள் போனில் விளையாடிக்கொண்டிருந்தார்களாம். அவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பஸ்ஸுக்கு கார் சீட் சட்டம் பொருந்தாது, அதனால் அங்கே இந்தத் தலைவலியே இல்லை என்று ஒருவர் வாதிக்கலாம். நியாயமான வாதம்தான். அவ்வளவு கனமான வண்டியில் போவது ஆபத்து என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் நம் இரண்டு வயதுக்காரனை ஒரு மணி நேரம் பெரியவர் இருக்கையில் உட்கார வைத்துப் பாருங்கள். கார் சீட்டில் கட்டினால் தூங்குகிற பிள்ளை, பஸ் இருக்கையில் எல்லாருடைய தலையையும் எண்ணிக்கொண்டு வரும்.

காசுக் கணக்கு எளிது. பஸ்ஸுக்கு ஆளுக்கு இவ்வளவு, வேனுக்கு வண்டிக்கு இவ்வளவு. ஆறு பேரான எங்களுக்கு வேன் கொஞ்சம் குறைவாகவே முடிந்தது. நான்கு பேருக்குக் கிட்டத்தட்ட சமம் என்றார் மச்சான். இரண்டு பேர், மூன்று பேர் என்றால் பஸ்தான் மலிவாக இருக்கும்.

வேனில் போகிறவர்கள் டிரைவரிடம் ‘போர்ட் கனாவரல்’ என்று மட்டும் சொல்லக் கூடாது, கப்பல் பெயரையும் டெர்மினல் எண்ணையும் சொல்ல வேண்டும். துறைமுகம் இரண்டு பக்கமாகப் பிரிந்து கிடக்கிறது. 1, 3 டெர்மினல்கள் தென்கரையில். டிஸ்னி கப்பல்கள் நிற்கும் 8, 10 வடகரையில், அங்கே போக 401 சாலையில் படகுகளுக்காகத் தூக்கும் பாலம் ஒன்றைக் கடக்க வேண்டும். வழி தப்பினால் சுற்றிக்கொண்டு வர வேண்டியதுதான். ராக்கெட் ஏவும் நாளாக இருந்தால் பீச்லைனிலேயே கூட்டம் தேங்கும், ஏவுதல் அட்டவணையை முந்தின நாள் இரவே பார்த்துவிடுங்கள். கோடையில் பிற்பகல் இடி மின்னலால் விமானங்கள் தாமதமாவதும் அங்கே சகஜம். முடிந்தால் முதல் நாளே போய்த் தங்கிவிடுவது நல்லது, கப்பல் நமக்காகக் காத்து நிற்காது.

வேனைப் புகழ்ந்து தள்ளிவிட்டேன், திரும்பி வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இறங்கிய காலை வேன் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது. கதவைத் திறந்தால் உள்ளே இரண்டு பூஸ்டர். மகளுக்குச் சரி, இரண்டு வயதுப் பிள்ளையை பூஸ்டரில் எப்படிக் கட்டுவது? ‘பக்கம்தானே, மெதுவாகப் போகிறேன்’ என்றார் டிரைவர், இவர் வேறு ஆள். ‘பிள்ளைய மடில வச்சுக்கவாடா?’ என்று அம்மா கேட்டார். முடியாது என்றேன். அலுவலகத்துக்குப் போன் போட்டு, இன்னொரு வண்டியில் சரியான சீட் வந்துசேர ஐம்பது நிமிஷம் ஆனது. எங்கள் விமானம் இரண்டரை மணிக்கு என்பதால் தப்பித்தோம். பதினொரு மணி விமானம் போட்டிருந்தால் அங்கேயே நின்றிருப்போம். அதற்குள் மச்சானின் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலில் இருந்து பையன்கள் கையசைத்தார்கள்.

தப்பு அவர்களுடையதுதான், ஆனால் நானும் ஒன்றைக் கோட்டை விட்டேன். போகும் பயணத்துக்கு சீட் விவரத்தை முதல் நாள் செய்தி அனுப்பி உறுதி செய்தவன், திரும்பும் பயணத்துக்குச் செய்யவில்லை. நடுக்கடலில் போனில் சிக்னல் இருக்காது, கடைசி இரவு ஞாபகம் வந்து பயனில்லை. கப்பல் ஏறுவதற்கு முன்பே, கரையில் நிற்கும்போதே, ‘திரும்பும்போது ஒரு முழு சீட், ஒரு பூஸ்டர்’ என்று எழுதி அனுப்பி, பதில் வாங்கிக்கொண்டு ஏற வேண்டும்.

அடுத்த வருஷம் போனால் மகளுக்கு ஆறு முடிந்திருக்கும், சட்டப்படி சீட் கணக்கில் மகன் மட்டும்தான் மிச்சம். அப்போதும் வேன்தான், கம்பெனி மட்டும் வேறு. மகனுக்கும் ஆறு முடிந்த பிறகு மச்சானோடு பஸ்ஸில் ஏறுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.