மழைத்தண்ணியில் சித்திரம்: நாலு விதமாகச் செய்து பார்த்தது

கார்த்திகையில் யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் பிள்ளைகளை அடக்கி வைத்திருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. முற்றத்தில் வெள்ளம் நிற்கும், கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும், ரியூசனும் இல்லை. போன மாரிக்கு அண்ணாவின் பிள்ளைகள் மூன்று பேரும் உரும்பிராயில் எங்களோடுதான் நின்றார்கள். வயது 5, 8, 11. மூன்றாம் நாள் போனும் அலுத்துப்போய், "மாமி, இனி என்ன செய்யிறது?" என்று மூத்தவள் வந்து நின்றபோதுதான் மழைத்தண்ணியில் படம் செய்யும் யோசனை வந்தது.

ஒரு கிழமைக்குள் நாலு விதமாகச் செய்து பார்த்தோம். எது நல்லது என்று பார்க்க நான் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான். இதுக்கு மழைதான் வேணுமா, இல்லை கிணற்றில் ஒரு வாளி அள்ளி ஊற்றினாலும் இதேதான் வருமா? கிணற்றுத் தண்ணியே போதும் என்றால் அது நல்ல சித்திரமாக இருக்கலாம், ஆனால் மழையைப் பற்றிப் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லாது. செலவு, குப்பை, எந்த வயதுக்குப் பொருந்தும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மழையையே வரைய விடுவது

எல்லாரும் முதலில் செய்வது இதைத்தான். கடதாசியில் கலரைப் பொட்டுப் பொட்டாக வைத்து மழையில் நீட்டுவது. நாங்களும் ஏ4 தாளில் தொடங்கினோம். எங்கள் மாரி மழைக்கு ஏ4 தாள் தாங்காது. சின்னவன் கையை நீட்டி மூன்று எண்ணுவதற்குள் தாள் நடுவால் கிழிந்து, கலர் முழுக்க முற்றத்து வெள்ளத்தோடு போய்விட்டது. அவன் அழுகையை நிற்பாட்டவே அரை மணித்தியாலம் எடுத்தது.

அப்புறம் பிறிஸ்டல் போர்ட்டை வெட்டிக் கொடுத்தேன். முதலில் மெழுகுக் கலரால் கோடு கீறி, அதன்மேல் கேசரிக்குப் போடும் கலரைத் தண்ணியில் கரைத்துத் தடவி, மழை தூறலாக இறங்கும்வரை காத்திருந்து, ஐந்து எண்ணிவிட்டு உள்ளே இழுத்தோம். இது வந்தது. மெழுகு இருந்த இடத்தில் தண்ணி ஒட்டாமல் உருண்டு ஓடியது, மற்ற இடமெல்லாம் துளி விழுந்த வட்டம் வட்டமாகக் கலர் கலைந்தது. ஐந்து வயதுக்கு இதைவிடத் தோதான வேலை இல்லை. வலுத்த மழையில் ஒன்று, தூறலில் ஒன்று என்று இரண்டு அட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சின்னவனுக்கே தெரிந்தது. கேள்வி என்று பார்த்தால், அதற்குமேல் ஒன்றும் எழவில்லை. பெரியவள் இரண்டாவது அட்டையோடு எழும்பிப் போய்விட்டாள்.

இடி இடிக்கும் பின்னேரத்தில் இந்த விளையாட்டே வேண்டாம். ஐப்பசி மழை மின்னலோடுதான் வரும்.

கலர் பேனையைப் பிரிப்பது

தண்ணியில் கரையும் கறுப்புக் கலர் பேனையால் வடிதாளில் பொட்டு வைத்து, தாளின் நுனியை மட்டும் தண்ணியில் தொட விட்டால், தண்ணி மேலே ஏற ஏற அந்தக் கறுப்பு நீலமும் மஞ்சளும் சிவப்புமாகப் பிரியும். வடிவாக இருக்கும், கால் மணித்தியாலத்தில் முடியும், மேசை துடைக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் மழைத்தண்ணிக் கோப்பையில் ஒன்றும் கிணற்றுத் தண்ணிக் கோப்பையில் ஒன்றும் நிறுத்திப் பார்த்தோம். இரண்டுக்கும் இடையில் என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் படவில்லை. மின்னல் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

மாவில் துளி பிடிப்பது

இதைத் தொடங்கியபோது அம்மா, "சாப்பாட்டுச் சாமானிலயோ விளையாட்டு?" என்று முகத்தைச் சுளித்தார். வண்டு விழுந்த கோதுமை மா ஒரு போத்தலில் கிடந்ததைக் காட்டிய பிறகுதான் சம்மதம் கிடைத்தது.

ஒரு தட்டத்தில் மாவை ஒரு அங்குல உயரத்துக்குப் பரப்பி, மேலே ஒரு துணியால் மூடிக்கொண்டு வெளியே போய், துணியை இரண்டு மூன்று செக்கன் திறந்து மூடிவிட்டு உள்ளே வரவேண்டும். ஒவ்வொரு துளியும் விழுந்த இடத்தில் ஒரு சின்ன மா உருண்டையாகிவிடும். கொஞ்ச நேரம் காயவிட்டு அரிதட்டில் அரித்தால் உருண்டைகள் மட்டும் மேலே நிற்கும். இது யாரோ இன்றைக்குக் கண்டுபிடித்த விளையாட்டு இல்லை. பனித்துகள்களைப் படம் பிடித்துப் பேரெடுத்த வில்சன் பென்ட்லி என்ற அமெரிக்க விவசாயி மழைத்துளிகளை அளந்தது இதே முறையில்தான். 1904 இல் அதை எழுதி வெளியிட்டார். ஒரு தட்டு மாவை வைத்துக்கொண்டு மழைக்குள் நின்ற அந்த மனிசனை அயலவர் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு யோசனை.

எட்டு வயதுக்காரன் இதில் ஒட்டிக்கொண்டான். தூறலில் பிடித்ததும் வலுத்த மழையில் பிடித்ததும் வேறு வேறு தட்டம். தூறலில் கடுகளவும் இல்லை, அரிதட்டின் கண்ணுக்குள்ளாலேயே பாதி போய்விட்டது. வலுத்த மழையில் மிளகளவு. பிறகு அவனாகவே தாழ்வாரத்து ஓட்டு நுனியில் சொட்டும் தண்ணிக்குக் கீழே ஒரு தட்டத்தைப் பிடித்தான். அது எல்லாவற்றையும்விடப் பெரிசு. "மாமி, வானத்தில இருந்து ஏன் இவ்வளவு பெரிசா விழேல்லை?" நல்ல கேள்வி. விழுகிற துளி ஐந்தாறு மில்லிமீற்றரைத் தாண்டினால் எதிர்க்காற்று அதை உடைத்துப்போடும். ஓட்டிலிருந்து விழும் துளிக்கு அவ்வளவு தூரம் விழ வேண்டியதில்லை, அதனால் தப்பிவிடுகிறது. படங்களில் நாம் கீறும் கண்ணீர் வடிவமும் பிழை. சின்னத்துளி உருண்டை. பெரிய துளி விழும்போது அடிப்பக்கம் தட்டையாகி, தேத்தண்ணிக் கடைப் பணிஸ் மாதிரி இருக்கும். இதைச் சொன்னதும் மூத்தவள் தன் சித்திரக் கொப்பியை எடுத்து, தான் கீறி வைத்திருந்த மழைத்துளிகளை எல்லாம் பணிஸ் ஆக்கத் தொடங்கிவிட்டாள்.

சித்திரமாக என்ன வருகிறது? உருண்டைகளை ஒரு நாள் காயவிட்டு, கறுப்பு அட்டையில் பசை பூசி அளவுப்படி ஒட்டினோம். ஒரு பக்கம் தூறல், மறுபக்கம் அடைமழை. தூர நின்று பார்த்தால் புள்ளிக்கோலம் போட்ட மாதிரி. அரிசி மாவிலும் ஒரு தட்டம் முயன்று பார்த்தோம், காய்ந்ததும் உதிர்ந்துவிட்டது. கோதுமை மாதான் சரி. வாளித் தண்ணியைத் தெளித்தாலும் உருண்டை வரும், ஆனால் தூறலுக்கும் அடைமழைக்கும் உள்ள இந்த அளவு வித்தியாசம் வானத்திலிருந்து விழுந்தால்தான் உண்டு. என் சோதனையில் முழுப் புள்ளி. குறை என்றால் வீடெல்லாம் மாப் பசை. தட்டத்தை உடனே கழுவாவிட்டால் அடுத்த நாள் சுரண்டித்தான் எடுக்கவேண்டும்.

செவ்வரத்தைச் சாயம்

வேலியில் நின்ற சிவப்புச் செவ்வரத்தையில் ஆறு பூ. இதழை மட்டும் கிள்ளி, மூன்று மூன்றாக இரண்டு கோப்பையில் போட்டேன். ஒன்றுக்குள் கொதித்த மழைத்தண்ணி, மற்றதுக்குள் கொதித்த கிணற்றுத் தண்ணி. பிள்ளைகளுக்கு எது எதென்று சொல்லவில்லை.

முதல் தரம் பிசகியது என் அவசரத்தால். சீற் போட்ட பத்தியிலிருந்து பீலி வழியாக வந்து சீமெந்துத் தொட்டியில் விழுந்த தண்ணியைத்தான் மழைத்தண்ணி என்று அள்ளினேன். இரண்டு கோப்பையும் ஒரே கருநீலம். "இரண்டும் ஒண்டுதானே மாமி" என்று நடுவிலான் சொன்னபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சீமெந்தில் சுண்ணாம்பு இருக்கிறது. அதில் நின்ற தண்ணி மழைத்தண்ணியாக இருக்காது. அடுத்த நாள் மழை தொடங்கிப் பத்து நிமிசம் கழித்து, கூரையும் மரமும் இல்லாத நடு முற்றத்தில் சில்வர் சட்டியை வைத்துப் பிடித்தோம்.

இந்த முறை ஒரு கோப்பை மங்கலான ஊதாச் சிவப்பு. மற்றது கருநீலம், ஓரத்தில் பச்சைச் சாயல். ஒரே செடி, ஒரே கேத்தில், தண்ணி மட்டும் வேறு.

"அப்ப எங்கட கிணத்துத் தண்ணி பழுதோ?" என்று கேட்டாள் மூத்தவள்.

பழுதில்லை. செவ்வரத்தையின் சிவப்புக்குக் காரணமான அந்தோசயனின் என்ற சாயம் அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலமாகிப் பச்சையாகும். மழை விழும்போதே காற்றிலிருக்கும் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு வருவதால் கொஞ்சம் அமிலம், பீஎச் என்ற அமில, கார அளவுகோலில் கிட்டத்தட்ட 5.6 (நடுநிலை 7). அந்த மெல்லிய அமிலம் எங்கள் செம்மண்ணுக்குள்ளால் இறங்கி அடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கரைத்த கல்லோடு கிணற்றுக்கு வந்து சேரும்போது அது காரப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறும் மாரியோடு சரி. ஆகவே கிணற்றில் நாங்கள் அள்ளுவதும் மழைதான், கல்லுக்குள்ளால் போய்வந்த மழை. நிலாவரைக் கிணறும் இப்படித் தண்ணி கரைத்த கல் இடிந்து உண்டான பள்ளம்தான். அதில் மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்புத் தண்ணி. பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்திருந்தார்கள், ஆனால் கோப்பைக்குள் இருந்த நீலத்தோடு அதற்குச் சம்பந்தம் உண்டென்று தெரியாது.

நம்பாதவளுக்குக் கேத்திலைக் கவிழ்த்துக் காட்டினேன். அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது அந்தக் கல்தான். தேசிக்காயைப் பிழிந்தால் நுரைத்துக்கொண்டு கரையும். சில்வர் தட்டத்தின் பின்பக்கத்தில் இரண்டு தண்ணியிலும் ஒவ்வொரு சொட்டு வைத்துவிட்டுப் படுத்தோம். விடிய எழும்பிப் பார்த்தால் கிணற்றுச் சொட்டு இருந்த இடத்தில் வெள்ளை வளையம். மழைச்சொட்டு எங்கே இருந்ததென்று தேட வேண்டியிருந்தது.

இனிச் சித்திரம். இரண்டு சாயத்தையும் தூரிகையால் தாளில் தடவிவிட்டு, மேலே தேசிப்புளி, அப்பச்சோடா கரைத்த தண்ணி, வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்த தண்ணி என்று தொட்டுத் தொட்டு வைத்தார்கள். புளி பட்ட இடம் இளஞ்சிவப்பு, சோடா பட்ட இடம் பச்சை, சுண்ணாம்பு பட்டது பச்சையாகி மஞ்சளுக்கு நழுவியது. ஒரே பூவில் நாலு நிறம். சுண்ணாம்பைச் சின்னவனிடம் கொடுக்கவில்லை. கண்ணில் பட்டால் எரித்துவிடும், அதை நானே தொட்டு வைத்தேன். இன்னொன்று, கடையில் வாங்கும் வெள்ளைத் தாள்களில் பலதுக்குள்ளும் சுண்ணாம்புத் தூள் கலந்திருக்கும். மழைத்தண்ணிச் சாயம்கூடத் தாளில் காய்ந்ததும் ஊதாவுக்குப் போவது அதனால்தான்.

மூத்தவள் தன்பாட்டில் ஒரு போட்டி வைத்தாள். கால் கோப்பை மழைச் சாயம், கால் கோப்பை கிணற்றுச் சாயம், இரண்டுக்கும் தேசிப்புளி சொட்டுச் சொட்டாக. மழை ஒரு சொட்டிலேயே சிவந்துவிட்டது. கிணறு ஏழாவது சொட்டு வரைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கரைந்திருக்கும் கல் அந்தப் புளியை விழுங்கிக்கொண்டே இருந்தது. இதைச் சொல்லிக் கொடுக்க நான் யோசித்திருக்கவே இல்லை.

இதன் குறை, படம் நிலைக்காது. ஒரு கிழமையில் சிவப்பெல்லாம் மண்ணிறமாகிவிடும். அன்றைக்கே போனில் படம் எடுத்து வைக்கவேண்டும். கொதிதண்ணி இருப்பதால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். செலவு என்று பார்த்தால் ஒரு தேசிக்காய்.

எதைத் தெரிவது?

ஐந்து வயதும் அதற்குக் கீழேயும் என்றால் பிறிஸ்டல் போர்ட்டும் மெழுகுக் கலரும், யோசிக்கவே வேண்டாம். எட்டு ஒன்பது வயதுக்கு மா. பத்துக்கு மேலே செவ்வரத்தை. ஆனால் ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் நான் செவ்வரத்தையைத்தான் சொல்வேன். மா விளையாட்டை மழை பெய்கிற எந்த ஊரிலும் செய்யலாம். மெதுதண்ணி, அதாவது கரைந்த கல் குறைந்த தண்ணி, ஓடும் மலைநாட்டில் இந்த இரண்டு கோப்பையும் இப்படி விலகி நிற்குமா என்பது சந்தேகம். எங்கள் ஊரில் கேத்திலைக் கழுவிக் கழுவிச் சலித்துப்போன கல், இங்கே கலராக வந்து நிற்கிறது.

பிடித்த தண்ணியை மூடிவைக்க மறக்கவேண்டாம். டெங்கு நுளம்புக்குத் திறந்த சட்டி ஒரு கிழமை கிடந்தாலே போதும், மாரி முடியும்போது வீடு வீடாக வந்து பார்க்கிறவர்கள் உங்கள் விஞ்ஞானத்தைக் கேட்கமாட்டார்கள்.

நாங்கள் போத்தலில் மூடிவைத்த ஒன்றரை லீற்றரை அடுத்த மழை வரைக்கும் வைத்திருக்கத் திட்டம் போட்டிருந்தோம். மூன்றாம் நாள் பார்த்தால் வெறும் போத்தல். அம்மா அதில் தலை முழுகியிருந்தார். "மழைத்தண்ணிக்குத்தான் சவுக்காரம் நுரைக்கும். உதுக்கு ஏன் பிள்ளை பூவெல்லாம் பிடுங்கினனீங்கள்? என்னட்டைக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே."