மூன்றாண்டா, நான்காண்டா: கல்லூரி எதற்குத் தயார்?

தேசியக் கல்விக் கொள்கை 2020 இளநிலைப் பட்டத்துக்கு இரண்டு வழிகளையும் திறந்து வைத்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு), நான்காண்டு ஹானர்ஸ் பட்டத்துக்கு 160. காகிதத்தில் 40 கிரெடிட்தான் வித்தியாசம்.

மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். இருக்கிற ஆசிரியர்கள், இருக்கிற வகுப்பறைகளே போதும். பிறகு முதுநிலை வழக்கம்போல் இரண்டு ஆண்டு.

நான்காம் ஆண்டு வேறு விஷயம். முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்தவர்கள் ஆராய்ச்சியுடன் கூடிய ஹானர்ஸில் சேரலாம். சரி, அவர்களுக்கு வழிகாட்டுவது யார்? கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓடும் இணைவுக் கல்லூரித் துறைகளில் இதற்கு எளிதில் பதில் கிடைக்காது. ஆய்வகமும் நூலகமும் அப்புறம். நான்காண்டு முடித்தவருக்கு முதுநிலை ஓராண்டு போதும் என்பதால், துறை ஒரே சமயத்தில் இருவகை முதுநிலை வகுப்புகளையும் நடத்த வேண்டிவரும். கால அட்டவணை போடுபவர் பாவம்!

டெல்லி பல்கலைக்கழகம் 2013-இல் நான்காண்டு முறையைக் கொண்டுவந்து, 2014-இலேயே கைவிட்டது. 2022-இல் மறுபடி தொடங்கியது. ஆசிரியர் பலமுள்ள மத்தியப் பல்கலைக்கழகத்துக்கே இவ்வளவு அலைச்சல்.

ஆய்வுத் துறையும் நிரந்தர ஆசிரியர்களும் உள்ள கல்லூரி தாராளமாக நான்காம் ஆண்டைத் தொடங்கலாம். மற்றவை முதலில் காலிப் பணியிடங்களை நிரப்பட்டும். அதுவரை மூன்றாண்டை ஒழுங்காக நடத்தினாலே மாணவருக்கு லாபம்.