டர்போ ஸ்னோமொபைல்: எஞ்சினில் குறையில்லை, அந்த ஒன்றரை அடிப் பைப்தான்

சீசன் முடிந்து விலை இறங்கியிருக்கிறது, பனியில் ஓட்டும் டர்போ ஸ்னோமொபைல் ஒன்று வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கான பதில் இது.

எஞ்சினைக் குறை சொல்ல வாயில்லை. மூன்று சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் டர்போ. என் வண்டி கனடாவில், ஒன்டாரியோவின் ஹாலிபர்டன் தடங்களில் மூன்று குளிர்காலம் ஓடியும் எண்ணெய் குடிக்கவில்லை. மைனஸ் 25 டிகிரி செல்சியஸிலும் முதல் அழுத்தத்திலேயே கிளம்புகிறது. உறைந்த ஏரியில் கட்டைவிரலால் த்ராட்டிலை அமுக்கினால் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டியதுதான். புகழ்ச்சி போதும். தலைவலி எல்லாம் டர்போவிலிருந்து மஃப்ளருக்கு, அதாவது சத்தத்தை அடக்கும் பெட்டிக்கு, புகையைக் கொண்டுபோகும் ஒன்றரை அடிப் பைப்பில்.

விரிசல் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் விழும்: டர்போவோடு பைப்பை நட்டு போட்டு இணைக்கும் விளிம்பான ஃபிளேஞ்சிலிருந்து அரை அங்குலத்துக்குள், வெல்டு ஓரத்தில், மயிரிழையாக. கண்ணில் முதலில் படுவது விரிசல் அல்ல, கரி. பைப்பின் மேல் விசிறி போல விரிந்த கறுப்புத் தடம். குளிரில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று கேட்டு, சூடேறியதும் அடங்கினால் அதுவும் இதுதான். உலோகம் விரிந்து வெடிப்பை மூடிக்கொள்கிறது. சரியாகிவிட்டது என்று விட்டால், கொஞ்ச நாளில் பக்கத்துப் பிளாஸ்டிக் பேனல் குழைந்து தொங்கும். சந்தேகம் இருந்தால் வண்டி ஆறியபின் வாக்குவம் கிளீனரின் ஊதும் குழாயை டெயில் பைப்பில் செருகி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். பைப்பையும் மஃப்ளரையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிரிங் இணைப்பில் நாலைந்து குமிழி வந்தால் பரவாயில்லை. வெல்டில் ஒன்றுகூட வரக் கூடாது.

“சூட்டில் வெடித்துவிட்டது” என்று சர்வீஸ்காரர்கள் சொல்வது பாதி உண்மை. 45 செ.மீ. நீளமுள்ள 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப், மைனஸ் 20-இலிருந்து 650 டிகிரிக்கு ஏறினால் ஐந்து மி.மீ.க்கு மேல் நீளும். நீள இடம் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. இரு முனையையும் இறுக்கிக் கட்டிவிட்டால் அந்த ஐந்து மி.மீ. வெல்டு ஓரத்தைத்தான் வளைக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வளைவு. கம்பியை மடக்கி மடக்கி ஒடிக்கிற கதைதான்.

ஆகவே முதல் சோதனைக்கு ஸ்பானர்கூட வேண்டாம். ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பைப்பும் மஃப்ளரும் தானாக நேருக்கு நேர் நிற்க வேண்டும். கையால் இழுத்துப் பொருத்த வேண்டியிருந்தால், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பைப் முறுக்கில் இருக்கிறது என்று பொருள். திரும்ப மாட்டும்போது ஃபிளேஞ்ச் நட்டுகளைக் கையால் திருகும் அளவுக்கு மட்டும் திருகி, மஃப்ளரைத் தொங்கவிட்டு, ஸ்பிரிங் மாட்டி, கடைசியில்தான் நட்டுகளை எதிரெதிராக, மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு (திருகு விசை) இறுக்க வேண்டும். ஒருமுறை ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஒரு சுற்று. பலரும் ஃபிளேஞ்சை முதலில் இறுக்கிவிட்டு மற்றதை வலிந்து பொருத்துவார்கள். வெடிப்புக்கு அங்கேயே நாள் குறித்தாயிற்று.

நேராக நின்ற பைப்பும் எஞ்சின் மவுண்ட் ரப்பர் கிழிந்தால் கோணிவிடும். பெல்ட் எஞ்சினைப் பின்னுக்கு இழுக்கும்போது அந்த அசைவு முழுவதையும் பைப் தாங்க வேண்டிவரும். மவுண்ட்டைப் பார்க்காமல் பைப்பை மட்டும் வெல்டு செய்வது வீண் செலவு.

ஸ்பிரிங்குகளும் அப்படியே. கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். இடையில் வெளிச்சம் தெரிந்தால் சூட்டில் தளர்ந்துபோயிற்று. சில டாலர் சமாச்சாரம், ஒன்று போனாலும் மொத்தமாக மாற்றிவிடுங்கள். புதிய ஸ்பிரிங்கின் மேல் சூடு தாங்கும் சிவப்பு சிலிக்கானை நீளவாக்கில் ஒரு கோடு இழுத்தால் அதிர்வு அடங்கும், கொக்கி தேயாது.

இனி என் கோபம். சூடு என்றதும் பைப்பில் துணிநாடா சுற்றுகிறார்களே, அது. நாடா வெப்பத்தை உலோகத்துக்குள்ளேயே அடைக்கிறது. உருகிய பனியைக் குடித்துக்கொண்டு ஈரமாகக் கிடக்கிறது. விரிசல் விழுந்தாலும் காட்டாது. 304 ரகம் ஏறத்தாழ 425 முதல் 815 டிகிரி வரையான சூட்டில் நெடுநேரம் கிடந்தால் உலோக மணிகளின் எல்லைகளில் குரோமியம் கார்பைடு படிந்து, அரிப்பைத் தாங்கும் வலுவை இழக்கும். நாடா அதைத்தான் செய்கிறது. பைப்பைச் சுற்றாதீர்கள், பக்கத்தில் இருப்பதைக் காப்பாற்றுங்கள்: எட்டுப் பத்து மி.மீ. காற்று இடைவெளி விட்டு ஒரு தகடு, பேனலின் உட்புறத்தில் தங்க நிறப் பிரதிபலிப்பு டேப். பேனல் பாலிப்ரொப்பிலீன் என்றால் 160 டிகிரியில் உருகிவிடும். குழைவது அதற்கு வெகு முன்பே. பைப் 600-இலிருந்து 700 டிகிரிக்குப் போனாலே அது வீசும் வெப்பம் ஒன்றரை மடங்காகிறது.

அந்த நூறு டிகிரியை நாமே ஏற்றிவிடுவதும் உண்டு. 91 ஆக்டேன் பெட்ரோல் கேட்கும் வண்டிக்கு 87 ஊற்றினால், நாக்கிங்கை (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பதை) தவிர்க்க, எஞ்சினை ஆளும் கணினியான ஈசியு தீப்பொறியைத் தாமதமாக்கும். எரிதலின் மிச்சம் பைப்பில் வந்து சேரும். புதுப் பனித்தூள் ஹூட் வலைகளை அடைத்தாலும் உள்ளே அடுப்புதான்; நிற்கும்போதெல்லாம் தட்டிவிடுங்கள். ஏரியைக் குறுக்கே விரட்டி வந்த கையோடு அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். டர்போ பேரிங்கில் எண்ணெய் கருகாது.

இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் பளபளக்கும் ஸ்டெயின்லெஸ்ஸை அளந்து “சூடே இல்லை” என்பவர்களுக்கு: பளபளப்பான பரப்பில் அது குறைத்துத்தான் காட்டும். சூடு தாங்கும் மங்கல் கறுப்புப் பெயின்டை ஒரு நாணய அளவு பூசி, அங்கே அளக்கவும்.

வெடித்தே விட்டதா? விரிசலின் இரு நுனியிலும் 3 மி.மீ. துளை, V வெட்டு, பைப்புக்குள் ஆர்கான் வாயு நிரப்பி டிக் (TIG) வெல்டிங். ஒட்டுத்தகடு வேண்டாம், அடுத்த விரிசல் அதன் ஓரத்தில் வரும். புதிதாகவே செய்வதென்றால் 321 ரக ஸ்டெயின்லெஸ்ஸும் 347 வெல்டிங் கம்பியும்.

நியாயமாகப் பார்த்தால், அவ்வளவு சிறிய ஹூட்டுக்குள் டர்போவை அடைத்த கம்பெனி வேறெங்கே வளைக்கும் என்றும் தோன்றுகிறது. ஆனாலும் ஒரு நெகிழ் இணைப்பு கூடுதலாக வைத்திருக்கலாம். இறங்கிய விலைக்கும் வாங்காதீர்கள் என்றுதான் இன்று சொல்வேன். என் வண்டியைத் தருவீர்களா என்று கேட்க வேண்டாம், விற்பதற்கில்லை. எப்படியும் பழைய வண்டி பார்க்கத்தான் போவீர்கள். பைப்பில் நாடா சுற்றியிருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் டிரெய்லரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.