போடியா, கொலம்பியாவா?

"போடி போகலாமா?" என்றதும், ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "போடிநாயக்கனூரா?" என்றாள். கலிபோர்னியாவிலும் ஒரு போடி உண்டு. 1859-இல் அங்கே தங்கம் கண்டு, அந்தக் குளிர்காலத்தைத் தாண்டாமலே பனிப்புயலில் இறந்துபோனவரின் பேரில் எழுந்த ஊர்.

அந்தப் போடிக்குப் போவதா, அதே கலிபோர்னியாவில் இருக்கும் கொலம்பியா என்ற ஊருக்குப் போவதா என்பதுதான் கேள்வி. இரண்டுமே தங்க வேட்டைக் காலத்து ஊர்கள், இரண்டுமே இன்று மாநில வரலாற்றுப் பூங்காக்கள். சான் பிரான்சிஸ்கோ பக்கமிருந்து போனால் கொலம்பியா சியரா நெவாடா மலைத்தொடருக்கு இந்தப் புறம், போடி அதைத் தாண்டி அந்தப் புறம்.

கொலம்பியாவில் 1850-இல் தங்கம் கிடைத்தது, 1854-இலும் 1857-இலும் தீப்பிடித்ததால் செங்கல்லில் கட்டிக்கொண்டார்கள், 1945-இல் பூங்காவானது. நுழைவு இலவசம். குதிரை வண்டி, கொல்லன் பட்டறை, தட்டில் மண் அலசித் தங்கம் தேடுவது, சாப்பாடு எல்லாம் உண்டு. சின்னப் பிள்ளைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

நாங்கள் போடிக்குப் போனோம். காரணம், அதைப் பராமரிக்கும் விதம். 1880 வாக்கில் பல ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர். தங்கம் குறையக் குறைய ஆட்களும் குறைந்து, 1932 தீயில் பெரும்பகுதி போய், மிஞ்சியவை நூறு சொச்சம் கட்டடங்கள். 1962-இல் பூங்காவானது முதல் ஒரே கொள்கை: இருப்பது இருக்கிறபடியே நிற்க வேண்டும், அவ்வளவுதான். கூரை ஒழுகினால் அடைப்பார்கள், சுவர் சாய்ந்தால் முட்டுக் கொடுப்பார்கள். புதுப் பெயிண்ட் கிடையாது. பெரும்பாலான வீடுகளுக்குள் விட மாட்டார்கள், ஜன்னல் வழியாகத்தான் பார்க்கணும். பள்ளிக்கூடத்தில் பெஞ்சும் பூகோள உருண்டையும், கடை அலமாரியில் சரக்கும், எல்லாவற்றின் மேலும் தூசியும் அப்படியே இருக்கின்றன. கோயில் கல்லை மணல் பீய்ச்சித் தேய்ப்பதைப் பார்த்து நொந்துபோன எங்கப்பா, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "எங்கே கை வைக்கக் கூடாதுன்னு இவனுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

கொலம்பியாவைச் சீரமைத்து, கடைகளை ஓட்டி, உயிரோடு வைத்திருக்கிறார்கள். அதுவும் ஒரு வழிதான். எனக்கு அது திருவிழாக் கடைவீதி போலப்பட்டது. ஆனால் நான் அங்கே இருந்தது ஒரே ஒரு அரைநாள், அதனால் என் தீர்ப்பைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

போடியின் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். 8,000 அடிக்கு மேலே இருக்கிறது. அப்பாவுக்கு நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது. கடைசி மூன்று மைல் மண் சாலை. குளிர்காலத்தில் பனி மூடிவிட்டால் கார் போகாது. நான் போனது கோடையில் மட்டும்தான். நுழைவுக் கட்டணம் உண்டு. பெட்ரோலை 395-ஆம் நெடுஞ்சாலையை விடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், புளிசாதமும் கட்டிக்கொண்டு போங்கள். அங்கே டீ கூடக் கிடைக்காது.