குரல் நாண் ஊசி பிசகினால்: கரைப்பதா, கீறி எடுப்பதா?

வாதம் வந்து அசையாத குரல் நாணைப் பருக்கவைத்து, இரு நாண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அடைக்க ஊசி போடுவார்கள். அதற்குப் பிறகு குரல் இன்னும் மோசமானால், முதலில் தெரிய வேண்டியது உள்ளே போன பொருள் எது என்பதுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து சேலமோ பெங்களூரோ போய் ஊசி போட்டவர்கள், பொருளின் பெயரும் மில்லி கணக்கும் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள். வைத்தியமே அதை வைத்துத்தான்.

ஹயலூரானிக் அமிலம் என்ற ஜெல் என்றால் கவலை குறைவு. சில மாதங்களில் தானே கரையும். அவசரமென்றால் அதைக் கரைக்கும் நொதியான ஹயலூரானிடேஸ் ஊசி ஓரிரு நாளில் கரைத்துவிடும். தேனீ கொட்டி உடம்பெல்லாம் தடித்தவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். வேறு பொருளுக்கு இந்த ஊசி வீண்.

எலும்பிலுள்ள தாதுவைப் போன்ற கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட்தான் தலைவலி. ஓராண்டுக்கு மேலும் நிற்கும். அது தசைக்குள் ஆழமாக இறங்க வேண்டியது. மேல்சவ்வுக்கு அடியிலுள்ள மென்மையான அடுக்கில் தங்கிவிட்டால் நாண் விறைத்துவிடும், விட்டுவிட்டு மின்னும் ஒளியில் நாணின் அதிர்வைப் பார்க்கும் ஸ்ட்ரோபோஸ்கோபியில் சவ்வின் அலை தெரியாது. இதற்குக் காத்திருப்பதைவிட மைக்ரோஃபிளாப் என்ற நுண் அறுவை மேல். முழு மயக்கத்தில், வாய் வழியாக, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி நாணின் மேற்பரப்பில், அதிரும் விளிம்பைவிட்டுத் தள்ளிக் கீறுவார்கள். சவ்வைத் தூக்கி, பற்பசைபோல் இருப்பதை வழித்தெடுத்துவிட்டு, சவ்வைத் திரும்பப் படியவைப்பார்கள். துளி விடாமல் எடுக்கிறேன் என்று தசைநாரைச் சுரண்டினால் தழும்பு விழும். அந்தத் தழும்புக்கு நல்ல மருந்து கிடையாது. கொஞ்சம் மிச்சமிருந்தாலும் நிறுத்துவதே கைதேர்ந்த வேலை.

நோயாளியின் உடம்பிலிருந்தே எடுத்து ஏற்றும் கொழுப்பு வேறு கதை. பாதி கரையும் என்று தெரிந்தே கூடுதலாக ஏற்றுவார்கள். முதல் சில வாரம் குரல் அடைத்திருப்பதைப் பார்த்துக் கத்தியை எடுக்கக் கூடாது.

1962இல் அர்னால்ட் என்ற மருத்துவர் கொண்டுவந்த, உடம்பில் கரையாத டெஃப்லான் இப்போது வழக்கொழிந்துவிட்டது. பழைய ஊசியால் கட்டி வந்திருந்தால், லேசரில் மேலாகச் சுட்டுக் குறைப்பது சின்ன வேலை, ஆனால் மிச்சம் தங்கும். கழுத்து வழியாகத் திறந்து எடுப்பது பெரிய வேலை, கட்டி வேரோடு வர வாய்ப்பு அதிகம்.

எந்தப் பொருளானாலும், மூச்சு இழுக்கும்போது சத்தம் கேட்டால் தொப்பூர் கணவாய் தாண்டிச் சேலம் போகலாம் என்று கிளம்பாதீர்கள். 108ஐக் கூப்பிட்டு அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.

பொருளை எடுத்ததும் பழைய இடைவெளி திரும்பி, குரல் மறுபடி காற்றாகப் போகலாம். ஆறிய பிறகு சரியான ஆழத்தில் மறு ஊசியா, கழுத்து வழியாக உள்பொருள் வைத்து நாணை நடுவுக்குத் தள்ளும் தைரோபிளாஸ்டி அறுவையா என்பதை அறுவைக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.