ஏ.டி.எஃப். முள்ளோடு 12 ஆண்டுகள்

வாங்கும்போதே யாராவது ஒன்று சொல்லியிருக்கலாம்: தரையிலுள்ள ரேடியோ நிலையம் இருக்கும் திசையை முள்ளால் காட்டும் இந்த ஏ.டி.எஃப். கருவிக்குத் தவறு நேர்ந்தால் அது வாய் திறக்காது. சிறிய விமானங்களில் 12 ஆண்டுகளாக ஏ.டி.எஃப். பயன்படுத்துகிறேன்; இன்றும் எனக்குள்ள பெரிய குறை இதுதான்.

வேலை எளியது. பீக்கன் எனப்படும் அந்தத் தரை நிலையம் எல்லாத் திசைகளிலும் ஒரே மாதிரி அலை வீசும். கருவி அந்த அலை வரும் திசையைக் கண்டுபிடித்து முள்ளைத் திருப்பும். வளைய ஆன்டெனா மட்டும் இருந்தால் நிலையம் முன்னாலா பின்னாலா என்று தெரியாது. கூடவே உள்ள சென்ஸ் ஆன்டெனாதான் அதைத் தீர்க்கிறது. முள் காட்டுவது விமானத்தின் மூக்கிலிருந்து அளந்த கோணம். விமானம் வடக்கிலிருந்து வலமாக அளந்த 040 டிகிரியில் போக, முள் 300-ல் நின்றால், நிலையம் 340 டிகிரியில். பழகியபின் கூட்டல் தானாக வந்துவிடும்.

முள்ளை மூக்கிலேயே வைத்துப் பறந்தாலும் நிலையத்தை அடையலாம். ஆனால் பக்கக் காற்றில் பாதை வில்லாக வளையும். முன்கூட்டியே காற்றை நோக்கிச் சில டிகிரி திரும்பிப் பிடிப்பதே சரி.

ஒரு மாலை வலப்பக்கம் இடிமேகம். ஹெட்போனில் சடசடப்பு கேட்கும்போதெல்லாம் முள் மேகத்தின் பக்கம் ஓடித் திரும்பியது. அதையாவது கண் பார்த்துவிடும். இன்னொரு நாள் பீக்கனே நின்றுபோனது. முள்ளோ இருந்த இடத்தில் அசையாமல் நின்றது. இன்னொரு வகை ரேடியோ வழிகாட்டியான வி.ஓ.ஆர். என்றால் கருவியில் எச்சரிக்கைக் கொடி விழுந்திருக்கும். இங்கே பீக்கன் தன்னை அடையாளம் காட்ட அனுப்பும் மோர்ஸ் ஒலி அடங்கியதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து அந்த ஒலியைக் குறைவான சத்தத்தில் வழிநெடுகக் கேட்டுக்கொண்டே பறக்கிறேன். புதிதாகப் பழகுகிறவர்கள் தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

சூரியன் எழும்போதும் மறையும்போதும் வானின் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலைகளால் முள் அலையும். கடற்கரையைச் சாய்வாகக் கடக்கும் அலையும் வளைந்து வரும். வி.ஓ.ஆருக்கு இந்தத் தொல்லைகள் இல்லை, ஆனால் தாழப் பறந்தால் மலை மறைத்துவிடும்.

ஜி.பி.எஸ். வந்தபின் பல நாடுகளில் பீக்கன்களை மூடி வருகிறார்கள். இருக்கிற வரை நான் இதை அணைக்கப் போவதில்லை. நிலையத்தின் தலைக்கு மேலே வரும்போது முள் பரபரக்கும், ஒரு பக்கமாகச் சரியும், பிறகு சட்டென்று வாலைக் காட்டும். அதற்குள், அங்கிருந்து நேரம் எண்ண, கை ஸ்டாப்வாட்சைத் தட்டியிருக்கும்.