நடுவே வரும் ‘ஐ திங்க்’: ஓர் ஆங்கிலப் பயிற்சித் தொகுப்பின் மதிப்புரை

ஆங்கிலத்தைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தும், பேசும்போது வாக்கியம் விறைப்பாகவே நிற்கிறதே என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு. அதற்காக இணையவழிப் பயிற்சித் தொகுப்பு ஒன்றில் சேர்ந்து, ‘ஐ திங்க்’, ‘யூ நோ’, ‘டு பி ஆனஸ்ட்’ என வாக்கியத்தின் கட்டமைப்பில் ஒட்டாமல் பேசுபவரின் மனநிலையை மட்டும் தெரிவிக்கும் இடைச்செருகல் தொடர்களைப் பற்றிய பகுதியை இரண்டு முறை முழுவதுமாகக் கேட்டு முடித்தேன்.

தமிழில் ‘அவர் வருவார் என்று நினைக்கிறேன்’ என முடிக்கிறோம். அந்த ‘என்று’ இரு பகுதிகளையும் இறுகப் பிணைத்துவிடுவதால், ‘நினைக்கிறேன்’ என்பதைத் தனியே கழற்றி வாக்கியத்தின் நடுவில் வைக்கும் பழக்கம் நமக்கு வருவதில்லை. ஆங்கிலத்தில் பேசும்போதும் ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘ஐ திங்க்’ என்றே தொடங்கிவிடுகிறோம். இந்தத் தொகுப்பு அங்கேதான் கைகொடுக்கிறது. ‘ஐ திங்க் த டிரெய்ன் இஸ் லேட்’, ‘த டிரெய்ன், ஐ திங்க், இஸ் லேட்’, ‘த டிரெய்ன் இஸ் லேட், ஐ திங்க்’ என ஒரே செய்தியை மூன்று விதமாக ஒலிக்கவிட்டு, நடுவில் வரும்போது குரல் சற்றுத் தாழ்ந்து விரைந்து கடப்பதையும், கடைசியில் வரும்போது உறுதியாகச் சொன்னதைப் பேசுபவரே கொஞ்சம் தளர்த்திக்கொள்வதையும் காதாலேயே உணர வைக்கிறது. ‘தட்’ சேர்ந்து ‘ஐ திங்க் தட்’ ஆகிவிட்டால் அதை நடுவுக்கு நகர்த்த முடியாது என்ற விளக்கம், எந்த வகுப்பிலும் எனக்குக் கிடைக்காதது. ‘ஐம் அஃப்ரெய்டு’ என்பதில் அச்சம் எதுவும் இல்லை, கேட்பவருக்கு உவப்பில்லாத செய்தியை மென்மையாகச் சொல்லும் வழி அது என்று காட்டும் உரையாடலும் அருமை.

1985-இல் ராண்டால்ஃப் குவர்க் உள்ளிட்ட நால்வர் எழுதிய ஆங்கிலப் பேரிலக்கணம் இத்தொடர்களை ஆறு வகையாகப் பிரிக்கிறது. தொகுப்பு மூன்றோடு நின்றுவிடுகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ‘எனக்குத் தெரிந்தவரை’ என்ற பொருளில் நம்மில் பலர் சொல்லும் ‘ஆஸ் ஐ நோ’வைத் தொடாமல் விட்டதைப் பொறுக்க முடியவில்லை. ‘ஆஸ் யூ நோ’ சரியாக இருப்பதால்தான் இந்தப் பிழை கண்ணுக்குத் தப்புகிறது. ‘ஆஸ் ஃபார் ஆஸ் ஐ நோ’ என்றே சொல்ல வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும். எழுத்தில் நடுவே வரும் இத்தொடர்களின் இருபுறமும் காற்புள்ளி இட வேண்டும் என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார்கள்.

உண்மையில் வருத்தம் தந்தவை பயிற்சிக் கேள்விகள்தான். ‘ஐ சப்போஸ்’ என்பதை வாக்கியத்தின் இறுதியில் வைத்தேன். நடுவில்தான் வர வேண்டும் என்று மென்பொருள் தவறு போட்டது. இரண்டும் சரியென்று அவர்களுடைய ஒலிப்பாடமே கற்பித்ததைச் சுட்டிக்காட்டி எழுதினேன். விடைகள் முன்பே நிர்ணயிக்கப்பட்டவை என்ற பதில் மட்டுமே வந்தது. ஒலிப்பாடங்களுக்காக மட்டுமே இதில் தயங்காமல் சேரலாம். ஆனால் பயிற்சியில் வரும் மதிப்பெண்ணை நம்பி, சரியாக அமைந்த வாக்கியத்தை மாற்றிக்கொள்ள வேண்டாம்.